எத்தனை பேருக்கு?

அம்மா போய் ஐந்து மாதம் ஆகியும் சின்னவள் அழவில்லை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாளா என்றால் அதுவும் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டுவிட்டால் கன்னத்தைக் கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரி இருந்தது அவளுக்கு. வேலைக்குப் போனாள், வந்தாள், தலை சீவினாள், எல்லோரும் சிரித்த இடத்தில் தானும் சிரித்தாள். துக்கம் கேட்க வந்த உறவுக்காரி ஒருத்தி, "கல்லு மனசுடி உனக்கு" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனாள். நாக்கில் நரம்பில்லாதவள். ஆனால் அதுகூடச் சின்னவளுக்கு உறைக்கவில்லை.

அவள் பார்த்த வேலை செயலி வடிவமைப்பு. பெயர்தான் பெரிது. கைப்பேசித் திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எதை அமுக்கினால் எது திறக்கும் என்று வரைந்து வரைந்து அழிக்கிற வேலை. இரண்டு வருடமாக ஒரே செயலிதான். தங்கள் வீட்டுக்குச் சமைக்கிறவர்கள், வெளியாட்கள் இன்னும் நாலு பேருக்கும் சேர்த்துச் சமைப்பார்கள். வேண்டுகிறவர்கள் திரையில் நாலு பொத்தானை அமுக்கினால் சாப்பாடு வாசலுக்கு வரும். ஊருக்கெல்லாம் வீட்டுச் சாப்பாடு போடப்போகிற செயலி. அதை வரைகிறவள் ஊரின் மறுகோடியில் பெண்கள் விடுதியில் இருக்க, அவள் அப்பா வீட்டில் தனியாக மூன்று வேளையும் பன்னும் டீயுமாகக் கிடந்தார் என்று வெளியில் சொன்னால் வாயால் சிரிக்கமாட்டார்கள்.

அப்பா முப்பத்து நாலு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எத்தனை மாடியானாலும் ஏறி இறங்குவார். சொந்த வீட்டுச் சமையலறைக்குள் தண்ணீர் குடிக்கப் போனதோடு சரி. அம்மா இருந்தவரை தட்டு தானாக வந்தது. அம்மா போன பிறகு தட்டு அலமாரியிலேயே இருந்தது. அந்த மாதத் தொடக்கத்தில் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். கீழ் வீட்டுக்காரர் சத்தம் கேட்டு ஓடிவந்து, தண்ணீர் தெளித்து உட்காரவைத்து, அண்ணனுக்குப் போன் செய்தார்.

மறுநாளே அண்ணன் வந்து நின்றான். "இது சரிப்படாது. மாசக் கடைசியில இந்த வீட்டைக் காலி பண்ணிடுவோம். அப்பா எங்க ஹால்ல படுத்துக்கட்டும்."

"நான் எங்கயும் வரல" என்றார் அப்பா. அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. கல்லுளிமங்கன் என்று அம்மா அவரைச் சும்மா சொல்லவில்லை.

இருபத்தாறு வருடம் இருந்த வீடு. அம்மாவின் செருப்பு இன்னும் வாசலில்தான் கிடந்தது, இடது கால் கொஞ்சம் தேய்ந்து. அப்பாவை அங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போய் அண்ணன் வீட்டு சோபாவில் வைத்தால் என்ன ஆவார் என்று சின்னவளுக்குத் தெரியும். துணிக்கடைப் பொம்மைபோல் வைத்த இடத்தில் இருப்பார். அதனால் அவள் குறுக்கே விழுந்தாள்.

"எங்க ஆப் இந்த மாசம் வருதுண்ணே. அவரே சாப்பாடு வரவழைச்சுச் சாப்பிட்டுக்குவாரு."

அண்ணன் அப்பாவை ஒரு தரம், அவளை ஒரு தரம் பார்த்தான். "சரி. அவர் கையால, அவருக்கு வேண்டிய சாப்பாட்டை ஒழுங்கா வரவழைச்சுச் சாப்பிடட்டும். நீ பக்கத்துல நின்னு அமுக்கிக் குடுக்கக்கூடாது. அதைப் பண்ணிட்டார்னா நான் வாயைத் திறக்கல. இல்லன்னா முப்பதாம் தேதி வண்டியோட வருவேன்."

அண்ணன் கெட்டவன் இல்லை, பயந்தவன். பயந்தவன் போடுகிற நிபந்தனை கெட்டவன் போடுவதைவிடக் கறாராக இருக்கும். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செயலி வெளிவருவதற்கு இரண்டு வாரம் முன்னால் அலுவலகத்தில் ஒரு சோதனை வைத்தார்கள். அறுபது வயது தாண்டிய ஆறு பேரைக் கூப்பிட்டு, கையில் கைப்பேசியைக் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பது. ஆறாவது ஆள் முழங்கால் வலி என்று கடைசி நேரத்தில் வரவில்லை. மேனேஜர் கையைப் பிசைந்தார். எதைப் பேசினாலும் 'சராசரி' என்றே ஆரம்பிப்பார் என்பதால் அவருக்கு அந்தப் பெயரையே வைத்திருந்தார்கள். "சராசரிக்கு ஆறு பேராச்சும் வேணும். தெரிஞ்சவங்க யாரையாவது கூட்டிட்டு வா" என்றார் சராசரி. சின்னவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

தேய்த்த சட்டை போட்டு வந்தார். பையில் வழக்கம்போல் ஒரு ஸ்க்ரூ டிரைவர். வந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "உங்க ஆபீஸ் லிஃப்ட் மூணாவது மாடியில அரை இஞ்சு கீழ நிக்குது. யாராச்சும் தடுக்கி விழுவாங்க. சொல்லிடு."

சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு கைப்பேசி, மேலே விரல்களை மட்டும் படம் பிடிக்கிற கேமரா. சோதனை நடத்தியவள் சின்னவளோடு வேலை பார்க்கும் கண்ணாடிக்காரி. சின்னவள் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். பேசக்கூடாது. தலையாட்டக்கூடாது. கண்ணால்கூட ஜாடை காட்டக்கூடாது. இந்தச் சட்டத்தையெல்லாம் எழுதியவளே அவள்தான்.

"ஐயா, இது உங்களுக்கு வைக்கிற பரீட்சை இல்ல. எங்க ஆப்புக்கு வைக்கிற பரீட்சை. நீங்க தப்பே பண்ண முடியாது" என்று கண்ணாடிக்காரி வழக்கமான பாடத்தை ஒப்பித்தாள். பாவம், அவளுக்கு விஷயம் தெரியாது. அந்த அறையில் இருந்த மற்ற இருவருக்கும் தெரியும், இது அவருக்கு வைக்கிற பரீட்சைதான் என்று.

"நாளைக்கு மதியத்துக்கு உங்க ஒருத்தருக்குச் சாப்பாடு வரவழைக்கணும். அதான் வேலை. பண்ணும்போது மனசுல என்ன தோணுதோ அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே பண்ணணும்."

அப்பா சந்தேகத்தோடு பார்த்தார். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான் ஐயா."

ஆயுசு முழுக்க மனசில் பட்டதை வாய்விட்டுச் சொல்லாத மனுஷன் அவர். கல்யாண நாளுக்கு அம்மா புதுத்துணி கட்டிக்கொண்டு எதிரில் வந்து நின்றால், "நல்லாருக்கு" என்று சொல்லத் தெரியாமல், "பல்பு மாத்தினது நல்லா எரியுதுல்ல?" என்று கேட்டவர். அவரைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லு என்றால்? ஆனால் வேலை என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதைச் சொன்னபடி செய்து முடிக்கிற ஆள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"பச்சைப் பொத்தான் இருக்கு. அமுக்குறேன். அமுக்கிட்டேன். அமுக்கினது தெரியலையே. அமுக்கினா ஒரு விளக்காவது எரியணும்மா. இல்லன்னா ஜனங்க நாலு தரம் அமுக்குவாங்க. லிஃப்ட்ல தினம் பார்த்திருக்கேன்."

கண்ணாடிக்காரி சின்னவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். மற்ற ஐந்து பேரும் சொல்லாத விஷயம். சின்னவள் எழுதிக்கொண்டாள்.

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"என்ன பண்ணணும்னு நீங்க நினைக்கிறீங்க ஐயா?"

"தெரிஞ்சா ஏம்மா கேக்குறேன்? கேள்விக்குக் கேள்வி கேக்கணும்னு உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

சொல்லிக் கொடுத்தவள் மூலையில் தலை குனிந்து எழுதினாள்.

அவரே கண்டுபிடித்துக்கொண்டார். சமைக்கிறவர்களின் முகங்கள் வரிசையாக வந்தன. "இந்தம்மா கோவமா இருக்காங்க. கோவத்துல சமைச்சா உப்பு தூக்கலா இருக்கும். வேணாம். இவரு பரவால்ல, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி சிரிக்கிறாரு." அமுக்கினார். "காரம் குறைவா, நடுத்தரமா, அதிகமாங்குது. குறைவு. டாக்டர் சொல்லியிருக்காரு." அமுக்கினார். பொத்தான்களோடு ஆயுசைக் கழித்த விரல். சின்னவளுக்கு லேசாக நம்பிக்கை வந்தது. இன்னும் இரண்டே திரைதான்.

அடுத்த திரை வந்தது. மேலே 'எத்தனை பேருக்கு?' என்று கேள்வி. கீழே இடது பக்கம் கழித்தல் குறி, வலது பக்கம் கூட்டல் குறி. நடுவில், பெரிய எழுத்தில், 2.

அப்பாவின் விரல் நின்றுவிட்டது.

"எத்தனை பேருக்குன்னு கேக்குது" என்றார். "ரெண்டுன்னு அதுவே போட்டிருக்கு."

"நான் ஒரு ஆளு" என்றார். பிறகு, "கழித்தல் குறி இருக்கு. ஒரு தரம் அமுக்கினா ஒண்ணு ஆயிடும். தெரியுது."

அமுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம் போயிற்று. கண்ணாடிக்காரி சட்டப்படி, "மனசுல ஓடுறதைச் சொல்லிக்கிட்டே இருங்க ஐயா" என்றாள்.

"அதான் சொல்றேனே. தெரியுது. அமுக்கத்தான் மனசு வரல." அப்பா திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே பேசினார். "காலையில எந்திரிச்சதும் ரெண்டு டம்ளரை எடுத்துடறேன். அப்புறம் ஒண்ணைத் திரும்ப உள்ள வைக்கிறேன். தினம் ஒரு தரம் அதைச் செஞ்சாப் போதாதா? இதுலயும் செய்யணுமா?"

கண்ணாடிக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. அப்பா மெதுவாகக் கழித்தல் குறியைத் தாண்டி, கீழே இருந்த 'வரவழை' பொத்தானை அமுக்கினார். "முடிஞ்சுது. ரெண்டு சாப்பாடு வரும். வரட்டும்" என்று கைப்பேசியை மேஜைமேல் வைத்தார்.

சின்னவள் ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருந்தாள். 'தினம் ஒரு தரம் அதைச் செய்தால் போதாதா' என்று எழுதி, பக்கத்தில் நேரத்தையும் குறித்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கை தன்பாட்டுக்கு எழுதியது.

அந்த இரண்டு அவள் போட்டது. வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. யாருக்காக வரைகிறோம் என்று முதலில் ஒரு ஆளை மனசில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அந்தத் தொழிலில் பால பாடம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் நிறுத்திக்கொண்டது அப்பாவையும் அம்மாவையும். அம்மாவுக்கு முட்டி வலி வந்த நாளில் அடுப்படியில் நிற்க முடியாது, அப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது. அப்போது அம்மா சோபாவில் உட்கார்ந்தபடி இரண்டு பேருக்கும் வரவழைப்பாள். அதனால் 2. அதைப் பார்த்து சராசரிக்கு வாயெல்லாம் பல். ஒன்று வாங்க வந்தவர்கள் கவனிக்காமல் இரண்டு வாங்கினால் சராசரி ஏறுமே! அதற்குப் பிறகு பச்சையை நாற்பது தரம் மாற்றினார்கள், எழுத்தை மாற்றினார்கள், அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவில்லை. அந்த இரண்டு மட்டும் அங்கேயே இருந்தது. சின்னவளுக்கு அது கண்ணில் படவே இல்லை.

முடிவுத் தாளில் இரண்டே கட்டம்: முடித்தார், முடிக்கவில்லை. "என்னடி போடுறது?" என்று கண்ணாடிக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். கேட்டது ஒருவருக்கு, வரவழைத்தது இருவருக்கு. சின்னவள் பேனாவை வாங்கி 'முடிக்கவில்லை' கட்டத்தில் தானே குறி போட்டாள்.

லிஃப்ட் வாசலில் அப்பா கேட்டார். "பாஸா?"

"இல்லப்பா."

"ம்." லிஃப்ட் வந்து அரை இஞ்சு கீழே நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணன்கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லிடு. எனக்காகப் பொய் சொல்லாத."

சொன்னாள். அண்ணன் கேட்டான், "தெரியாம விட்டாரா, தெரிஞ்சே விட்டாரா?"

"தெரிஞ்சேதாண்ணே."

"அப்ப இன்னும் மோசம்." போனில் அவன் விடுவதாக இல்லை. "அவரு அந்த வீட்ல தனியா இல்ல பாரு. இன்னும் அம்மாவோடவே இருக்காரு. அதான் தொண்டையில ஒண்ணும் இறங்கல. அதான் விழுறாரு. அடுத்த தரம் கீழ் வீட்டுக்காரருக்குச் சத்தம் கேக்கலன்னா என்ன பண்ணுவ? ஒண்ணுன்னு அவரே போட்டு வரவழைக்கட்டும். அன்னிக்கு விட்டுடறேன்."

அவன் சொன்னதில் தப்பு இல்லை.

மறுநாள் கூட்டத்தில் சின்னவள் கணக்காகப் பேசினாள். ஆறு பேரில் ஐந்து பேர் அந்த இரண்டைக் கவனிக்கவே இல்லை. ஒருத்தர் இருக்கும் வீட்டுக்கு இரண்டு சாப்பாடு போய், ஒன்று குப்பைக்குப் போகும். "குப்பைக்குப் போற சாப்பாட்டை வச்சுச் சராசரியை ஏத்தி என்ன சார் பிரயோஜனம்? முதல் வாரத்துலயே திட்டித் தீர்த்துடுவாங்க."

சராசரி தாடையைச் சொறிந்தார். "அப்ப ஒண்ணுன்னு மாத்திடு."

"ஒண்ணும் வேணாம் சார். காலியா விட்டுடுவோம். அவங்களே போடட்டும்."

அதற்கும் ஒரு காரணம் சொன்னாள், எல்லோரும் தலையாட்டினார்கள். உண்மையான காரணம் வேறு. அந்த இடத்தில் 1 என்று எழுத அவள் கை போகவில்லை. அப்பாவுக்கு வராதது அவளுக்கும் வரவில்லை. அவராவது வாய்விட்டுச் சொன்னார். இவள் வடிவமைப்பு, பயன்பாடு என்று நாலு பெரிய வார்த்தைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

இருபத்தாறாம் தேதி செயலி வெளிவந்தது. கேக் வெட்டினார்கள். அப்பாவின் கைப்பேசியில் அதை ஏற்றிக் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை. எந்த வீட்டிலிருந்து, எத்தனை பேருக்கு, சமைப்பவருக்கு ஏதாவது குறிப்பு உண்டா என்று ஒவ்வொரு வரியாக மேலே ஏறிக்கொண்டிருக்கும். மூன்று, இரண்டு, ஐந்து, இரண்டு. ஒவ்வொன்று வரும்போதும் சராசரி கைதட்டினார்.

இருபத்தேழாம் தேதி அப்பாவின் வரி வரவில்லை. சாயங்காலம் போன் செய்து, "என்னப்பா சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். "பன்." இருபத்தெட்டாம் தேதியும் பன். இருபத்தொன்பதாம் தேதி அண்ணன் மடித்த அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து வாசலில் சாய்த்துவிட்டுப் போனான் என்று அப்பாவே சொன்னார். அம்மாவின் செருப்பை நகர்த்திவிட்டுச் சாய்த்தானா, நகர்த்தாமலா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. "ஆப்பைத் திறந்து பாருங்கப்பா" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம்.

முப்பதாம் தேதி காலை பத்து மணி. அண்ணன், 'மூணு மணிக்கு வண்டி' என்று செய்தி அனுப்பியிருந்தான். சின்னவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வயிறு பிசைகிறதா, நெஞ்சு அடிக்கிறதா என்று தனக்குத்தானே தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அப்பாவை வீட்டைவிட்டு எழுப்பப்போகிறார்கள், அதற்குக்கூட இந்தக் கட்டை அசையவில்லையே என்று தன்மேலேயே அலுப்பாக இருந்தது. வரிகள் ஏறின. பதினொன்று அடித்தது. பதினொன்றே கால்.

பதினொன்று இருபதுக்கு அந்த வரி வந்தது.

இரண்டாம் மாடி, இடது பக்கக் கதவு, லிஃப்ட் கிடையாது. காரம் குறைவு. எத்தனை பேருக்கு: 1. சமைப்பவருக்குக் குறிப்பு: 'ஒரு ஆள்தான் இருக்கிறேன். கொஞ்சமாக வைத்தால் போதும்.'

"ஏய், உங்கப்பாடி! ஐயா பாஸாயிட்டாரு!" என்று கண்ணாடிக்காரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்தாள். விஷயத்தை முந்தின நாள்தான் அவளிடம் சொல்லியிருந்தாள் சின்னவள். "இனிமே யாரும் அவரை அசைக்க முடியாது. என்னடி, சிரியேன்!"

சின்னவளும் சிரிக்கத்தான் பார்த்தாள். இரண்டு வாரமாக இந்த ஒன்றுக்குத்தானே தவம் கிடந்தாள்? வீடு தப்பியது, செருப்பு தப்பியது, அப்பா ஜெயித்துவிட்டார். ஆனால் காலியாக அவள் விட்ட கட்டத்தில் அப்பா தன் விரலால் தேடி எடுத்து வைத்த அந்த ஒன்று, சுவரில் அத்தனை பெரிதாக நின்றது. அதற்குள் அடுத்த வரி வந்து அதை மேலே தள்ளியது. இன்னொன்று வந்தது. இன்னும் மேலே. திரையின் விளிம்பைத் தாண்டி அது போனபோது அவள் கையில் இருந்த தண்ணீர் டம்ளர் தளும்பி மடியெல்லாம் நனைந்தது.

போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் ஓடினாள். அண்ணன் முதல் மணியிலேயே எடுத்தான்.

"அண்ணே, போட்டுட்டாரு."

"எத்தனை?"

சொல்ல வாயைத் திறந்தாள். மூன்றெழுத்துச் சொல். வரவில்லை. அப்பா அமுக்கியேவிட்டார், அவளால் சொல்லக்கூட முடியவில்லை.

"எத்தனைன்னு கேக்குறேன்ல? ரெண்டா?"

"அண்ணே" என்றாள். ஊசி போட்டு மரத்த இடத்தில் வலி திரும்புகிற மாதிரி, முதலில் கொஞ்சமாக, பிறகு ஒரேயடியாக, ஐந்து மாதத்து அழுகையும் வந்தது. படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, அம்மா செத்துப்போயிட்டாங்கண்ணே."

புதுச் செய்தி சொல்வதுபோல் சொன்னாள். அண்ணனும் அப்போதுதான் கேள்விப்பட்டவன்போல் கேட்டுக்கொண்டான்.

"ஆமாம்மா" என்றான் பிறகு. "போயிட்டாங்க."